பெர்னீஸ் இழுத்த பக்கம்

அம்பு பட்ட மான் கண்ணில் படாமல் போய்விட்டால் அந்த வட்டாரத்தில் கூப்பிடுவதற்கு ஒரே ஆள்தான் உண்டு. ஹார்லன் தோர்சன். கோடையில் மாவட்டச் சாலைகளுக்கு ஒட்டுப்போடுவதும் குளிர்காலத்தில் அதே சாலைகளில் பனி தள்ளுவதும் அவருக்கு உத்தியோகம். அம்பு வேட்டைக் காலம் முழுக்க, வேலை போக மிச்சமுள்ள பொழுதெல்லாம் பெர்னீஸோடு அடுத்தவர் காடுகளில்தான் கழியும். பெர்னீஸ் என்பது நாய். உடம்பெல்லாம் நீளம், கால் இருக்கிறதா என்று குனிந்துதான் பார்க்க வேண்டும். கம்பிமுடித் தாடியோடு கிழவர் மாதிரி முகம். முதல் தடவை பார்ப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். அது மானைக் கண்டுபிடித்துக் கொடுத்த பிறகு அவர்களே அதைத் தூக்கிக் கொஞ்சுவார்கள். இரண்டும் பெர்னீஸுக்குப் பிடிக்காது.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு வந்த போனில் கோனியின் குரல் கேட்டது. ஹார்லனின் முன்னாள் மனைவி. விவாகரத்தாகி ஒன்பது வருஷத்தில் இரண்டே தடவைதான் பேசியிருக்கிறாள். இரண்டாவது தடவை அவள் அப்பாவின் அடக்கத்துக்குச் சொல்ல.

"ஹார்லன், கோனி பேசறேன்."

"தெரியுது. குரல் மாறலையே."

"ட்ராய் ஒரு மானை அடிச்சிருக்கான். அது எங்க போச்சுன்னே தெரியல."

ட்ராய் அவளுடைய இப்போதைய கணவன். ஹார்லன் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"இருக்கியா? இல்ல நாய்கிட்ட பேசப் போயிட்டியா?"

"இருக்கேன். எத்தனை மணிக்கு அடிச்சான்?"

"ஏழே முக்கால்."

"எங்க பட்டுச்சு?"

அவள் போனை மூடிக்கொண்டு யாரையோ கேட்பது கேட்டது. "தோளுக்குப் பின்னாலயாம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. அம்பு கிடைச்சுதா?"

"கிடைச்சுது. நானே மோந்து பாத்தேன். கொடலைப் புரட்டுது நாத்தம்."

கோனி பண்ணைக்காரன் மகள். ட்ராய் சொன்ன தோளைவிட அவள் மூக்கை ஹார்லன் நம்பினார். "அப்ப வயிறுதான். யாரும் காட்டுக்குள்ள காலே வைக்கக் கூடாது. மூணு மணிக்கு வர்றேன்."

"அஞ்சு மணிக்கு மழைங்கறாங்களே."

"அதனாலதான் மூணு. மழை இல்லன்னா ஆறுன்னு சொல்லியிருப்பேன்."

"ஹார்லன்," என்றாள் கோனி, கொஞ்சம் தணிந்து. "அவன் உன்னைக் கூப்பிடச் சொல்லல. நானாத்தான் கூப்பிட்டேன்."

"யாரு கூப்பிட்டா என்ன. வர்றேன்."

வயிற்றில் அம்பு வாங்கிய மானுக்கு அவசரம் கூடாது. தொந்தரவு செய்யாமல் விட்டால் நூறு, நூற்றைம்பது கஜத்தில் படுத்துவிடும். படுத்த இடத்திலேயே உயிர் போகும். கிளப்பிவிட்டால் வலியோடு மைல் கணக்கில் நடக்கும், ரத்தமும் வெளியே வராது. இரைப்பையும் கொழுப்பும் வந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும். எட்டு மணி நேரமாவது விடவேண்டும் என்பது ஹார்லனின் கணக்கு. மழை அதில் முக்கால் மணி நேரத்தைப் பறித்துக்கொண்டது.

மூன்று அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவருடைய வண்டி பண்ணைப் பாதையில் ஏறியது. கோனியின் அப்பாவுடைய நிலம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஹார்லன் இங்கேதான் இருந்தார். பிரிந்தபோது இரண்டு பெட்டியும் ஒரு வில்லுமாக வெளியே போனார். சண்டை என்று பெரிதாக எதுவும் இல்லை. "ஒரு நாளைக்கு நாய்கிட்ட பேசற அளவு ஒரு வருஷத்துல என்கிட்ட பேசறதில்ல" என்று அவள் சொன்னாள். அவர் யோசித்துப் பார்த்தார். உண்மையாகத்தான் இருந்தது.

களஞ்சியத்துக்கு முன்னால் ட்ராய் நின்றுகொண்டிருந்தான். நாற்பத்தெட்டு வயது, நெட்டையான ஆள், கிராமத்துப் பாதைகளில் தபால் வண்டி ஓட்டுபவன். வில்லைத் தொட்டு மூன்று வருஷம்தான் ஆகிறது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத முகம். கை நீட்டினான். ஹார்லன் குலுக்கினார். பிறகு பின்கதவைத் திறந்து பெர்னீஸை இறக்கினார்.

"இதுவா?" என்றான் ட்ராய்.

"இதுதான். ஏன், குதிரையை எதிர்பாத்தீங்களா?"

"இல்ல... நாய்னு சொன்னாங்க."

படியில் நின்ற கோனி சிரித்துவிட்டாள். பெர்னீஸ் ட்ராயின் பூட்ஸை மோந்தது; கூடுதலாக ஒரு நிமிஷம் மோந்தது. ஹார்லன் அதைக் கவனித்தார், ஆனால் அப்போது அதற்கு அர்த்தம் வைக்கவில்லை.

"அடிச்சதும் மான் என்ன பண்ணுச்சு?"

"முதுகைக் கூனிக்கிட்டு நின்னுச்சு. அப்புறம் மெதுவா நடந்து போச்சு. வாலைத் தூக்கவே இல்ல."

"வயித்தடிதான். அதுக்கப்புறம் நீங்க உள்ள போகலையே?"

"போகல." பதில் கேள்வியை முந்திக்கொண்டு வந்தது.

ட்ராய் உட்கார்ந்து அம்பு விட்ட பரண் மக்காச்சோளக் கொல்லையின் ஓரத்தில், ஒரு ஓக் மரத்தில் இருந்தது. அம்பு விழுந்த இடத்தில் ட்ராய் காகிதத் துண்டு ஒன்றைச் செருகி வைத்திருந்தான். ஹார்லன் முழங்காலிட்டுப் பார்த்தார். இலைமேல் மங்கிய ரத்தம், அதில் அரைத்த பச்சைத் துணுக்குகள். பெர்னீஸுக்கு முப்பது அடி நீளக் கயிற்றை மாட்டினார். அந்தக் கயிறு மாட்டுவதுதான் அதற்கு உத்தரவு. மூக்கைத் தரையில் வைத்ததும் நாய்க்கு அந்த இருவரும் அங்கே இல்லவே இல்லை என்பதுபோல் ஆகிவிட்டது. உடம்பை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டு மரங்களுக்குள் நுழைந்தது. ஹார்லன் கயிற்றோடு பின்னால் போனார். ட்ராய் வில்லோடு அவருக்குப் பின்னால், ரத்தம் தெரிந்த இடங்களில் ஆரஞ்சு நாடா கட்டிக்கொண்டு வந்தான்.

நூற்றிருபது கஜத்தில் விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பின்னால் மான் படுத்த இடம் இருந்தது. அழுந்திய இலைகளில் உள்ளங்கை அளவுக்குக் கறுத்த ரத்தம். மான் இல்லை. படுக்கையின் ஓரத்தில் குளம்புகள் மண்ணை வாரி எறிந்திருந்தன. தானாக எழுந்த மான் அப்படி எறியாது. திடுக்கிட்டு எழுந்த மான்தான் எறியும். பத்தடி இந்தப் பக்கம், ஈர மண்ணில் ஒரு பூட்ஸ் தடம்.

ஹார்லன் பெர்னீஸை நிறுத்தினார். தடத்தைப் பார்த்தார். ட்ராயின் காலைப் பார்த்தார்.

"பூட்ஸ் எத்தனாம் நம்பர்?"

"பதினொண்ணு."

"எனக்கு ஒன்பது."

ட்ராய் கையிலிருந்த நாடாச் சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இருபது நிமிஷம் பொறுத்தேன்," என்றான். "அதுக்கு மேல முடியல. இங்க வந்தப்ப எந்திரிச்சு ஓடிருச்சு."

"கேட்டப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க வரமாட்டீங்கன்னு..." நிறுத்திக்கொண்டான். "இல்ல, அதுவும் பொய். மான் தொலைஞ்சா யாரைக் கூப்பிடணும்னு இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்த ஆளை என் வீட்டுக்குக் கூப்பிடற நிலைமை வந்துடக்கூடாதுன்னு உள்ள போனேன். நானே எடுத்துட்டா முடிஞ்சுது இல்லையா?"

ஹார்லனுக்குக் கோபம் வந்தது. ட்ராய்மேல் வந்ததைவிட, முதல் படுக்கையிலேயே முடிந்திருக்க வேண்டிய ஒன்று இன்னும் எங்கேயோ வயிற்றில் ஓட்டையோடு நடந்துகொண்டிருக்கிறதே என்று வந்தது. திட்டுவதற்கு நல்ல நல்ல வார்த்தைகள் நாக்கில் நின்றன. வானத்தைப் பார்த்தார். மேற்கே ஈயம் பூசினமாதிரி இருந்தது.

"சரி. இனிமே எங்கிட்ட எதையும் மறைக்காத. நேரம் இல்ல," என்றார். நீங்க, நீ ஆகிவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை.

அதற்கப்புறம் ரத்தம் ஏறக்குறைய நின்றுபோனது. ஐம்பது கஜத்துக்கு ஒரு பொட்டு. பிறகு அதுவும் இல்லை. பெர்னீஸ் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. மேட்டின் முதுகில் சுண்ணாம்புக் கல் பாறைகள் தலை நீட்டும் இடத்துக்கு வந்ததும் அது வட்டமடித்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. அப்புறம் கிழக்குச் சரிவைப் பார்த்துக் கயிற்றை இழுத்தது.

ஹார்லன் நகரவில்லை. "மேற்க போயிருக்கும்," என்றார். "பாறைக்குக் கீழ ஒரு ஊத்து இருக்கு. வயித்துல பட்டது தண்ணியத் தேடித்தான் போகும். என் காலத்துல அந்த ஊத்துகிட்ட மட்டும் மூணு எடுத்திருக்கேன்."

ட்ராய் கிழக்குச் சரிவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

பெர்னீஸ் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. அந்தக் குட்டைக் கால்களுக்கு அவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வரும் என்று ஹார்லனுக்கு எப்போதும் ஆச்சரியம். இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. கடைசியில் எந்த நாய்க்காரனும் செய்யக் கூடாததைச் செய்தார்: அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு மேற்குச் சரிவில் இறங்கினார்.

இருபது நிமிஷம் இறங்கினார்கள். முட்புதர் கையைக் கிழித்தது. ஊற்று இருந்த பள்ளத்தில் காய்ந்த சருகு முழங்கால் ஆழத்துக்குக் கிடந்தது. ஹார்லன் குச்சியால் கிளறினார். அடியில் வெறும் கல். ஈரம்கூட இல்லை. பெர்னீஸைக் கீழே விட்டார். அது மோந்துகூடப் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டது.

"பெருவெள்ளம் வந்த வருஷத்தோட இது வத்திப்போச்சு," என்றான் ட்ராய். "தண்ணி இப்ப கிழக்குப் பக்கமா வருது, சீடர் மரங்களுக்குக் கீழ. ஆப்பிள் கன்னுங்களுக்கு அங்கிருந்துதான் குழாய் போட்டிருக்கேன்."

"இதை மேலயே சொல்றதுக்கென்னய்யா?"

"இருபத்திரண்டு வருஷம் இருந்தவருக்கு நான் என்ன வழி சொல்றது?"

ஹார்லன் ஒரு கல்மேல் உட்கார்ந்தார். கேட்ட கேள்வியில் குத்தல் இல்லை, உண்மையாகவே தயங்கியிருக்கிறான். மேட்டில் நின்றபோது தனக்கு வந்த அந்த நிச்சயத்தை அவர் நினைத்துப் பார்த்தார். அது மானைப் பற்றிய நிச்சயமே இல்லை. இந்த மண் யாருக்குத் தெரியும் என்பதைப் பற்றியது. அதற்கு நாற்பது நிமிஷம் செலவாகியிருந்தது, போக வரச் சேர்த்து.

"நீ காலையில பண்ணினதை நான் இப்பப் பண்ணியிருக்கேன்," என்றார்.

ட்ராய் அவருக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

மேட்டுக்குத் திரும்பியதும் ஹார்லன் குனிந்து பெர்னீஸின் காதுக்குக் கிட்டே ஏதோ சொன்னார். ட்ராய்க்குக் கேட்கவில்லை. நாய் கிழக்கே இறங்கியது. இந்த முறை கயிறு தளரவே இல்லை. முதல் தூறல் அவர்கள் தொப்பியில் விழுந்தது. பாதிச் சரிவில் ஒரு கம்பி வேலியின் அடிக்கம்பியில் கற்றையாக வெள்ளை முடி, வயிற்றடி முடி. இன்னும் கீழே இரண்டாவது படுக்கை, அதில் ரத்தம் ஈரமாக இருந்தது. ஹார்லன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சத்தம் வேண்டாம் என்று மறு கை விரலை உதட்டில் வைத்தார்.

சீடர் மரங்கள் முடியும் இடத்தில் பெர்னீஸ் நின்றது. வால் மட்டும் இரும்புக் கம்பியாக நீட்டிக்கொண்டிருந்தது. ஹார்லன் மண்டியிட்டு அதை மார்போடு அணைத்து மூக்கைக் கையால் பொத்தினார். முப்பது கஜத்துக்குக் கீழே, கோரைப்புல் நடுவே, ஒரு காது அசைந்தது. அப்புறம் கொம்பு தெரிந்தது, எட்டுக் கிளை. மான் கால்களை மடக்கிப் படுத்திருந்தது. தலை மட்டும் நிமிர்ந்திருந்தது. அதன் பக்கத்தில் விரல் தடிமனுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"உயிரோட இருக்கு," என்று ட்ராய் உதட்டை அசைத்தான்.

"வில்லு உங்கிட்டதான் இருக்கு. நான் நாயைப் பிடிச்சிருக்கேன்."

"மறுபடியும் வயித்துலயே பட்டுட்டா?"

"விலா தெரியற வரைக்கும் இழுக்காத. போ."

ட்ராய் காற்றுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றி இறங்கினான். மழை சத்தம் அவன் காலடியை மூடியது. இருபது கஜத்தில் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று அம்பை நாணில் பூட்டினான். மான் அவனுக்குப் பின்பக்கத்தைக் காட்டிப் படுத்திருந்தது, அடிப்பதற்கு இடமில்லை. அவன் இழுக்கவில்லை. நின்றான். ஹார்லன் கைக்குள் பெர்னீஸின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டி அவர் கழுத்துக்குள் இறங்கியது. எவ்வளவு நேரம் போயிற்றோ, மான் தண்ணீர்ப் பக்கம் தலையைத் திருப்பி, முன்காலை மாற்றி வைத்தது; விலா தெரிந்தது. ட்ராய் நாணை இழுத்தான்.

அம்பு போன சத்தம் மழையில் கேட்கவில்லை. மான் எழுந்தது, நான்கு எட்டு வைத்தது, பக்கவாட்டில் சாய்ந்தது. கால்கள் கொஞ்ச நேரம் ஓடின. அப்புறம் நின்றுவிட்டன.

ஹார்லன் இறங்கி வந்தபோது ட்ராய் மானின் கழுத்தில் கை வைத்துக் குந்தியிருந்தான். "எட்டரை மணி நேரத்துக்கு மேல ஆயிருச்சு," என்றான்.

"ஆமா."

ஹார்லன் அவனுக்குப் பக்கத்தில் குந்தினார். "எனக்கு முதல் வயித்தடி ரெண்டு நாள் கழிச்சுத்தான் கிடைச்சுது. அதுவும் காக்கா காட்டிக் குடுத்து. தோலுக்குக்கூட ஆகல."

ட்ராய் தலையாட்டினான். பெர்னீஸுக்குக் கயிற்றைத் தளர்த்தியதும் அது மானின் பின்தொடையில் ஒரு வாய் முடியைப் பிடுங்கிக்கொண்டு, உறுமிக்கொண்டே அதைக் காவல் காத்தது. அது அதன் பங்கு. யாரும் குறுக்கே வரக் கூடாது.

வயிற்றைக் கிழித்துக் குடலை எடுக்க இருவரும் சேர்ந்தார்கள். நாற்றம் கண்ணைக் கரித்தது. உள்பக்கத்துச் சதையில் கொஞ்சம் பாழாகியிருந்தது. அதை வெட்டி எறிந்தார்கள். தொடையும் தோளும் முதுகும் சுத்தமாக இருந்தன. குழாயின் மூடியைத் திருகி ட்ராய் தண்ணீர் விட, ஹார்லன் கையையும் கத்தியையும் கழுவினார். தண்ணீர் பல்லைக் கூசவைக்கும் குளிர்ச்சி.

"இதுலயிருந்து ஆப்பிள் தோட்டம் வரைக்கும் தானாவே ஏறுதா?"

"ஏறல. சரிவோடயே சுத்திக் கொண்டுபோயிருக்கேன். அறுநூறு அடிக்கு மேல வரும். முதல் வருஷம் குளிர்ல உறைஞ்சு ரெண்டு இடத்துல வெடிச்சுது."

"ஆழமாப் புதைக்கலையா?"

"அடுத்த வருஷம் புதைச்சேன். ஒரு கோடைகாலமே போச்சு."

"தனியாவா?"

"தனியாத்தான்."

ஹார்லன் சரிவை அண்ணாந்து பார்த்தார். பாறையும் வேருமான மண். கடப்பாறை இறங்காது அங்கே. "நல்ல வேலை," என்றார். அவர் வாயிலிருந்து அது அபூர்வமாகத்தான் வரும். ட்ராய்க்கு அது தெரிய நியாயமில்லை.

ட்ராய் போன் செய்ததும், ட்ராக்டரையும் தட்டு வண்டியையும் ஓட்டிக்கொண்டு கோனி ஓடைப் பாதையில் வந்து சேர்ந்தாள். மழைக்கோட்டு முக்காட்டுக்குள்ளிருந்து இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். "யாரை யாரு அடிச்சீங்க? ரெண்டு பேரும் செத்த பொணமாட்டம் இருக்கீங்க."

மூவருமாக மானைத் தட்டு வண்டியில் ஏற்றினார்கள். களஞ்சியத்தில் அதைத் தலைகீழாகத் தொங்கவிட்டபோது மழை தகரத்தில் கொட்டியது. கோனி கைகளைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "இவ்வளவு தூரம் எப்படிப் போச்சு? கிளப்பாம விட்டா பக்கத்துலதானே கிடக்கும், ஹார்லன்?"

ஹார்லன் பெர்னீஸின் வயிற்றில் ஒட்டியிருந்த முள்ளை எடுப்பதில் மும்முரமானார். பதில் சொல்ல வேண்டியவர் அவர் இல்லை.

"நான்தான் கிளப்பினேன்," என்றான் ட்ராய். "இருபது நிமிஷத்துல உள்ள போயிட்டேன். உங்கிட்டயும் பொய் சொன்னேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஒன்பது மணிக்கு வந்தப்பவே முழங்கால் வரைக்கும் ஒட்டுமுள்ளு. பரண்ல குந்தியிருந்தவன் பேண்ட்ல அது எப்படிடா ஏறும், பறந்து வந்தா?"

"எங்கிட்ட போன்ல சொல்லியிருக்கலாமே," என்றார் ஹார்லன்.

"சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு மணி நேரம் தள்ளி வந்திருப்ப. மழை வந்து எல்லாம் போயிருக்கும்." அவள் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. "சரி, உள்ள வா. மிளகாய் பீன்ஸ் அடுப்புல இருக்கு. மாட்டேன்னு சொல்லாத, மூணு பேருக்குப் போட்டுட்டேன்."

"பூட்ஸெல்லாம் சேறு."

"கழட்டினா ஆச்சு."

சாப்பிடும்போது ட்ராய் இரண்டு தட்டு சாப்பிட்டான். காலையிலிருந்து அவன் எதுவும் தின்னவில்லை என்று கோனி சொன்னாள். இந்தச் சமையலறைச் சுவருக்கு எப்போது மஞ்சள் அடித்தார்கள் என்று ஹார்லன் கேட்க நினைத்தார், கேட்கவில்லை. மஞ்சள் நன்றாகவே இருந்தது. பெர்னீஸ் அடுப்புக்குக் கீழே ஈரத்தோடு தூங்கி, தூக்கத்தில் காலை உதைத்துக்கொண்டது.

புறப்படும்போது ட்ராய் முதுகுச் சதையில் ஒரு நீளத்தை வெட்டிக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தான். தடம் பார்த்துக் கொடுத்ததற்கு ஹார்லன் எதுவும் வாங்குவதில்லை. எத்தனையோ பேரிடம் மறுத்திருக்கிறார். வழக்கம்போல் கையைத் தூக்கினார்.

"உங்களுக்கில்ல," என்றான் ட்ராய், பெர்னீஸைக் காட்டி. "அந்த அம்மாவுக்கு."

ஹார்லன் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை அதை மெல்லிசாக அரிந்து வெண்ணெயில் வாட்டினார். உப்புப் போடுவதற்கு முன்னாலேயே ஒரு துண்டை ஆறவைத்துப் பெர்னீஸின் கிண்ணத்தில் போட்டார். கெடுவாசனை துளியும் இல்லை. இளங்கறி. இரண்டு பேருமாக மிச்சம் வைக்காமல் தின்று முடித்ததும், அவர் சட்டியைக் கழுவ எழுந்தார்.